அட்டை நாற்காலி: எந்த அட்டை, எந்த மடிப்பு?

அட்டையில் நாற்காலி என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை கிலோ தாங்கும்? இதை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் சாதாரணப் பெட்டி அட்டைகூட அந்தப் பரீட்சையில் தேறிவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்கப் பெட்டித் தொழிலில் மிகப் பரவலாகப் புழங்கும் 3 ப்ளை அட்டை (இரண்டு தாளுக்கு நடுவே அலையலையாக ஒரு நெளித்தாள்) ஒன்றின் விளிம்பு வலு, அதாவது நிறுத்திவைத்து அழுத்தினால் நசுங்காமல் தாங்கும் பாரம், ஓர் அங்குல நீளத்துக்கு 32 பவுண்டு. நம் கணக்கில் ஒரு மீட்டர் விளிம்புக்கு ஏறக்குறைய 570 கிலோ. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பெட்டியைத் தரையில் வைத்தால் விளிம்பின் மொத்த நீளம் 1.2 மீட்டர். ஆக, கணக்கின்படி 680 கிலோ. அட்டை புடைத்துக்கொள்வது, ஈரக்காற்று, மடிப்பில் போகும் வலு என்று முக்கால்வாசியைக் கழித்துவிட்டாலும் 170 கிலோ மிச்சம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களுக்குக் கொடுத்த அட்டைக் கட்டில் 200 கிலோ தாங்கும் என்று செய்த நிறுவனமே சொன்னது. அதில் மாயம் எதுவும் இல்லை.

அட்டை நாற்காலி உட்காரும்போது உடைவதில்லை, சாயும்போதுதான் உடைகிறது. சாய்வதற்கும் தப்பித்துவிட்டால், தரை துடைத்த ஈரத்தை அடி விளிம்பு உறிஞ்சிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. எனவே நான் ஒப்பிடுவது இந்த இரண்டை வைத்துத்தான்: முதுகு என்ன ஆகும், பாதம் என்ன ஆகும்.

குடியாத்தம் பக்கம் ஒரு படிப்பகத்தில் குழந்தைகள் மூலைக்கு 30 நாற்காலி வேண்டும் என்று கேட்டார்கள். வருகிறவர்கள் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள். அட்டையில் செய்தால் பிள்ளைகளே மடிப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள், கூட்டம் நடக்கிற நாளில் பிரித்துத் தட்டையாக அடுக்கிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உட்காருவதற்கு ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்றால் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியை எந்த அட்டையாலும் ஜெயிக்க முடியாது. கழுவலாம், மழையில் போடலாம், பத்து வருஷம் கிடக்கும். பிள்ளைகள் கையால் செய்கிறார்கள் என்பதுதான் அட்டைக்கு இருக்கிற ஒரே நியாயம். ஒரு கல்வியாண்டு, கவனமாக வைத்திருந்தால் இரண்டு, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

இந்த வேலைக்கு வேலூர்ப் பக்கம் தோதான இடம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ செய்கிறார்கள், ஷூ இருந்தால் பெட்டி வேண்டும், பெட்டி வேண்டுமென்றால் நெளி அட்டை ஓட்டுகிறவர்கள் இருந்தாக வேண்டும். தோல் வெட்டும் டை (ஒரே அழுத்தில் வடிவத்தை வெட்டியெடுக்கும் கத்திச் சட்டம்) வளைக்கத் தெரிந்த கைகளும், பேட்டர்ன் வரைகிறவர்களும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒரு தட்டையான பரப்பு எப்படி ஒரு காலைச் சுற்றிக்கொள்ளும் என்று தினமும் யோசிக்கிற ஷூ பேட்டர்ன்காரருக்கு, ஒரு தட்டை அட்டை எப்படி நாற்காலி ஆகும் என்பது புதுக் கேள்வியே இல்லை. கட்டடக்கலை படித்தவரைவிட இவரிடம் கேட்பது பயன் தரும் என்பது என் கட்சி.

அட்டை

நான்கு சரக்குகள் பேச்சில் வந்தன. இரண்டைச் சுருக்கமாகவே தள்ளிவிடலாம்.

பைண்டிங் அட்டை, அதாவது நோட்டுப் புத்தகத்துக்கு மேலட்டை போடும் கெட்டியான மில் போர்டு. வேலூர் லாங் பஜாரில் கேட்டால் கிடைக்கும், வெட்டினால் ஓரம் அழகாக வரும். ஆனால் உள்ளே காற்றே இல்லாத அட்டை இது. அதே கனத்துக்கு நெளி அட்டையைவிடப் பலமடங்கு எடை. மடித்தால் கோடு உடைகிறது, அரைவெட்டுப் போட்டு துணி ஒட்டினால்தான் நிற்கும். சின்ன மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம், நாற்காலிக்கு வேண்டாம்.

தேன்கூட்டு அட்டை, இரண்டு தாளுக்கு நடுவே அறுகோண அறைகள் வைத்தது. மேலிருந்து அழுத்தினால் அசையாது. ஆசனப் பலகைக்கு இதைவிட நல்ல அட்டை கிடையாது. மடிப்பதற்கு ஒரு பக்கத் தாளை விட்டுவிட்டு உள்ளே ‘வி’ வடிவில் வெட்டியெடுக்க வேண்டும். சாதாரணக் கத்தியில் அது பிய்ந்துகொண்டு வரும். ஓரம் முழுக்கத் திறந்த அறைகள், பிள்ளைகள் விரலை விட்டுக் குடைந்துகொண்டே இருப்பார்கள், ஈரமும் தூசியும் கரப்பானும் அந்த வழியாகவே போகும். தெருக்கடையில் கிடைக்கிற சரக்கும் இல்லை. விட்டுவிடலாம்.

மிச்சம் சன்பேக்கும் நெளி அட்டையும். இவற்றுக்குள் முடிவெடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

சன்பேக் என்று நாம் சொல்லும் பிளாஸ்டிக் நெளி ஷீட், தேர்தல் நேரத்தில் தட்டியாகக் கம்பத்தில் தொங்குமே, அதுதான். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. கரையான் தொடாது. தேர்தல் முடிந்ததும் சும்மாவே கிடைக்கும் என்பது கூடுதல் லாபம், பிள்ளைகள் எந்தக் கட்சியின் மேல் உட்காருகிறார்கள் என்ற வம்பு வராதபடி திருப்பிப் போட்டுக்கொண்டால் சரி. பாதம் என்ற கேள்விக்கு இதற்கு நூற்றுக்கு நூறு. ஆனால் முதுகுக் கேள்வியில் தோற்கிறது. பாலிபுரொப்பிலீன் மடித்த இடத்தில் நிற்காது, திரும்பிப் போகப் பார்க்கும். நம் ஊர்ப் பசை எதுவும் அதில் ஒட்டுவதில்லை, எனவே ஒவ்வொரு சேர்க்கைக்கும் ரிவெட்டோ, வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கோ போட வேண்டும், போட்ட ஓட்டை நாளடைவில் இழுபட்டுப் பெரிதாகும். தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல மெல்லத் தொய்யும். வெயிலில் கிடந்தால் வெளுத்து நொறுங்கும். வண்ணமும் பிடிக்காது, பிள்ளைகள் வண்ணம் அடிப்பதற்காகத்தானே இத்தனையும்.

நெளி அட்டைக்கு வருவோம். 3 ப்ளை என்றால் இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நெளி, கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர். 5 ப்ளையில் இரண்டு நெளி, 6 அல்லது 7 மில்லிமீட்டர். 7 ப்ளை இயந்திரப் பாகங்கள் ஏற்றுமதி செய்வதற்கான பெட்டிக்கு, கையால் மடித்தால் கோடு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. பொதுவாக எல்லாரும் 5 ப்ளை என்று குதிப்பார்கள். எனக்கு 3 ப்ளையை இரட்டையாக மடித்து நிறுத்துவது பிடிக்கும். கோடு சுத்தமாக விழும், இரண்டு சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால் புடைப்பதும் குறையும். ஆனால் இங்கே மடிக்கப் போவது பிள்ளைகள். இரட்டை மடிப்பு என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். 5 ப்ளையே சரி.

இதன் பலவீனம் தண்ணீர்தான். ராணிப்பேட்டையில் பெட்டி போடும் பாய் ஒருவரிடம் விவரம் சொன்னபோது அவர் எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இன்னா சார், அட்டைல சேரா? கீழ மாப் போட்டா இன்னா ஆவும்?" என்றார். தொழில் தெரிந்தவர் கேள்வி அது. நெளியையும் தாளையும் ஒட்டியிருப்பது ஸ்டார்ச் பசை. ஈரம் ஏறினால் தாளும் தளரும், பசையும் விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறினால் பெட்டியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நம் ஊரில் நடக்கும். கத்திரி வெயிலில் நேர்மாறாக வேறொரு தொல்லை: அட்டை முறுகக் காய்ந்து, மடிக்கும்போது வெளித்தாள் கோட்டில் வெடிக்கும். அப்போது மடிப்புக் கோட்டின் மேல் ஈரத்துணியைப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்து, சில நிமிஷம் விட்டு மடித்தால் வெடிக்காது. காலையிலேயே மடித்துவிடுவது இன்னும் நல்லது.

முதுகு

எந்த அட்டை என்பதைவிட எந்த வடிவம் என்பதில்தான் முக்கால்வாசி முடிவு இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பார்த்ததும் மனசை இழுப்பது ஒரே தாளில் மடித்த நாற்காலி. ஆசனத்திலிருந்து மேலே மடித்தால் முதுகு, கீழே மடித்தால் கால். படம் போட்டால் அழகாக இருக்கும். இப்போது 40 கிலோ பிள்ளை ஒன்று சாய்கிறது என்று வையுங்கள். முதுகை 15 கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளுகிறது, தள்ளும் இடம் ஆசனத்துக்கு 25 சென்டிமீட்டர் மேலே. அந்தத் திருகல் முழுவதையும் ஆசனமும் முதுகும் சேரும் மடிப்பு தாங்க வேண்டும். அங்கே இருப்பது 7 மில்லிமீட்டர் கனம். 25 சென்டிமீட்டரை 7 மில்லிமீட்டரால் வகுத்தால் 36 சொச்சம். அதாவது 15 கிலோ தள்ளல் அட்டையின் வெளித்தாளில் 500 கிலோவுக்கு மேல் இழுவையாகிறது. பெட்டிக்குப் போடும் பழுப்புக் கிராஃப்ட் தாள் எதுவும் அதைத் தாங்காது. மடிப்பு என்பது ஒரு கீல்தான், கீலை நம்பிச் சாய முடியாது.

அதே முதுகை, தரையிலிருந்து உச்சி வரை ஒரே துண்டாக ஓடும் பக்கச் சுவர் இரண்டும் பிடித்துக்கொண்டால்? சுவரின் ஆழம் 30 சென்டிமீட்டர். இப்போது அதே திருகலுக்கு எதிரே நிற்பது 7 மில்லிமீட்டர் இல்லை, 300 மில்லிமீட்டர். விளிம்பில் வரும் விசை ஏறக்குறைய 12 கிலோவாக இறங்கிவிடுகிறது. அட்டையை மாற்றவில்லை, பசையைக் கூட்டவில்லை. 500 எங்கே, 12 எங்கே!

அடுத்தது நெளியின் திசை. நெளி மேலும் கீழுமாக ஓடினால் சுவர் தூண் மாதிரி நிற்கும், படுக்கையாக ஓடினால் சப்பென்று உட்கார்ந்துவிடும். ஒரு தாளில் நெளி ஒரு திசையில்தான் ஓடும். ஒரே தாள் நாற்காலியில் ஆசனத்தின் இடமும் வலமும் மடங்கும் சுவர்களுக்கு நெளி நேராக அமைந்தால், முன்னும் பின்னும் மடங்கும் முதுகுக்கும் முன் சுவருக்கும் படுக்கையாகத்தான் அமையும். எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒன்று கெடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒரே தாள் என்ற பிடிவாதத்தை விடுவது.

குறுக்கு வெட்டுப் போட்டு ஒன்றுக்குள் ஒன்று சொருகுவது இன்னொரு வடிவம். மடிப்பே கிடையாது, நெளியை எல்லாத் துண்டுக்கும் நேராக வைத்துக்கொள்ளலாம், பசையும் வேண்டாம். பாரம் தாங்குவதில் அபாரம். ஆனால் பாதி உயரத்துக்கு வெட்டிய சொருகுவாய் ஒவ்வொன்றும், ஆட்டினால் கிழியத் தொடங்கும் இடம். பிள்ளைகள் ஆட்டுவார்கள். அதோடு ஆசனத்தில் விளிம்புகள் மேல்நோக்கி நிற்கும், தொடையில் உறுத்தும். மேலே தனியாகப் பலகை வைக்க வேண்டி வரும்.

அடுக்கி ஒட்டுவது மூன்றாவது. ஃப்ராங்க் கெரி 1972இல் செய்த விக்கிள் நாற்காலி இந்த வகை. நெளி அட்டையைப் பாம்பு வளைவில் வெட்டி, ஒன்றுக்கொன்று நெளித் திசையை மாற்றி அடுக்கிச் சேர்த்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. முதுகு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் ஒரு நாற்காலிக்கே அடுக்கடுக்காக அட்டை, லிட்டர் கணக்கில் பசை, அழுத்தி வைத்துக் காயவிடக் காத்திருப்பு. பசை ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பூஞ்சணம். 30 நாற்காலி வேண்டிய படிப்பகத்துக்கு இது கிடையாது. வீட்டு வரவேற்பறைக்கு ஒன்றே ஒன்று செய்ய ஆசைப்படுகிறவர் இதையே எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

மடித்துச் செய்வதில் பழைய முன்னோடி என்றால் பீட்டர் மர்டாக். 1963இல் புள்ளி போட்ட குழந்தை நாற்காலி ஒன்றைக் காகித அட்டையில் வடிவமைத்தார். தட்டையாக விற்றார்கள், வீட்டில் மடித்துக்கொள்ள வேண்டும். அட்டையின் மேல் பாலிஎத்திலீன் பூச்சு, அதனால் துடைக்கலாம். பிள்ளைகளின் நாற்காலி நிரந்தரமாக இருக்கத் தேவையில்லை என்பதை அறுபது வருஷத்துக்கு முன்பே ஒத்துக்கொண்ட பொருள் அது.

என் தேர்வு இரண்டு பெரிய துண்டு. முதல் துண்டு உடம்பு: முதுகும் இரண்டு பக்கச் சுவரும் ஒரே தாளில், மேலிருந்து பார்த்தால் ‘ப’ வடிவம். நெளி முழுக்க நின்றவாக்கில். மடிப்புக் கோடும் நின்றவாக்கில். எல்லாப் பெட்டியின் நாலு மூலையும் இப்படித்தான் மடிகிறது, எனவே பெட்டிக்காரரின் இயந்திரத்துக்குப் பழகிய மடிப்பு. இரண்டாவது துண்டு ஆசனம்: நடுவில் உட்காரும் பலகை, இடமும் வலமும் கீழே மடங்கி உடம்பின் சுவரை உள்ளிருந்து ஒட்டி, தரை வரை இறங்கும். இதில் நெளி இடவலமாக ஓடினால் பலகைக்கும் சரி, மடங்கிய பிறகு கால்களுக்கும் சரி. சுவர் தானாகவே இரட்டையாகிறது. முன்பக்கம் திறந்திருப்பதால் ‘ப’ வாய் பிளக்கப் பார்க்கும். ஆசனத்தின் முன் ஓரத்தில் இரண்டு நாக்கு விட்டு, பக்கச் சுவரில் வெட்டிய சொருகுவாயில் சொருகினால் அடங்கும். பலகைக்கு அடியில் குறுக்காக ஒரு விலா, அதாவது தனியாக நிற்கும் சின்னத் துண்டு, தரை வரை. அவ்வளவுதான், பசை கிடையாது.

ஆசன உயரம் 31 சென்டிமீட்டர், அகலம் 32, ஆழம் 30, முதுகின் உச்சி 58. ஒரு நாற்காலிக்கு 1 சதுர மீட்டர் அளவில் அட்டை போகும், எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். இந்த அளவுகள் பிள்ளைகளுக்கு. ஆனால் பேரனைக் கூப்பிட வருகிற தாத்தா செருப்பு மாட்ட இதில்தான் உட்காருவார், அதையும் எண்ணித்தான் 5 ப்ளை.

மாதிரி

முதலில் சார்ட் அட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மடிப்பார்கள். வடிவம் புரிய, பிள்ளைகளுக்குக் காட்ட, சரி. வலுவைப் பற்றி அது சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. அளவு சின்னதாகும்போது எடை வேகமாகக் குறைகிறது, வலு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. அதனால் சின்ன மாதிரி எப்போதும் பீமனாகத்தான் தெரியும். கனத்தையும் மறைத்துவிடும். 7 மில்லிமீட்டர் அட்டை மடியும்போது உள்பக்க அளவு ஒவ்வொரு மடிப்புக்கும் கனத்தின் அளவுக்குத் தின்றுபோகும். இரண்டு மடிப்பு என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை. சார்ட்டில் அழகாகச் சொருகிய நாக்கு, உண்மை அட்டையில் வாய்க்குள் போகவே போகாது.

ஆகவே இரண்டாவது மாதிரி நேராக முழு அளவில். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடையில் காலிப் பெட்டி கேட்டால் கிடைக்கும். நெளித் திசை பார்த்து வெட்ட வேண்டும், பழைய மடிப்பு நம் சுவரின் நடுவே வரக் கூடாது. மடிப்புக் கோட்டை வெட்டாதீர்கள், நசுக்குங்கள். மழுங்கிய ஸ்பூன் காம்பும் இரும்பு ஸ்கேலும் போதும். கத்தியால் அரைவெட்டுப் போட்டால் மடிப்பது சுலபம், ஆனால் இழுவையைத் தாங்க வேண்டிய தாளையே அறுத்துவிட்டீர்கள்.

சோதனைக்கு ஆரணி அரிசி சிப்பம் இருக்கிறது, ஒன்று 25 கிலோ. இரண்டை ஆசனத்தில் ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். ஏற்றியவுடன் தாங்குவதில் ஒன்றும் தெரியாது, காலையில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அட்டை மெல்லத்தான் தோற்கும். அப்புறம் முதுகின் உச்சியில் கயிறு கட்டி, பயணப்பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசில் மாட்டி, 15 கிலோ காட்டும் வரை பின்னால் இழுங்கள். விட்டுவிட்டு மறுபடி, நூறு தடவை போல. எந்த மூலையில் தாள் சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். கடைசியாக அடி விளிம்பை ஈரத்தரையில் கால் மணி நேரம் நிறுத்துங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையில் வெறும் அட்டை தேறாது. மாற்று மூன்று. பார்சல் டேப்பை விளிம்பில் மடித்து ஒட்டலாம், மலிவு, ஆனால் ஒரு இடத்தில் பிரிந்து நீர் உள்ளே போனால் வெளியே வராது. உருக்கிய மெழுகில் விளிம்பை முக்கலாம், நன்றாக வேலை செய்யும், பிள்ளைகள் பக்கத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. மூன்றாவதுக்குத்தான் என் ஓட்டு: நாம் தள்ளிவைத்த சன்பேக்கை நான்கு விரல் அகலப் பட்டையாக வெட்டி, நடுவில் மடித்து, அடி விளிம்புக்குச் செருப்பு மாதிரி மாட்டிவிடுவது. மடித்தால் திரும்பிப் போகப் பார்க்கும் அதன் குணம் இங்கே தொந்தரவு இல்லை, இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் அடங்கும். கிழிந்தால் புதிது மாட்டலாம். கரையானும் தரையிலிருந்து நேராக ஏற முடியாது.

வெட்டுவது

கையால் வெட்டுவதா, டை போடுவதா? ஒரு டை செய்யும் செலவு நாற்காலி எண்ணிக்கையில் வகுபடும், 30க்கு அது தாங்காது. நூறைத் தாண்டினால், பக்கத்து ஊர்ப் படிப்பகங்களும் சேர்ந்துகொண்டால், டை. அதுவரை, பேட்டர்ன்காரர் தகட்டில் வெட்டிக் கொடுக்கும் இரண்டு அச்சு, அதை வைத்துக் கத்தியால் வெட்டுவது. லேசர் வேண்டாம். நெளிக்குள் காற்று இருப்பதால் விளிம்பு கருகும், சில நேரம் பற்றிக்கொள்ளும், புகை வாடை நாற்காலியை விட்டுப் போகாது. கத்தி பெரியவர்கள் கையில், மடிப்பு பிள்ளைகள் கையில்.

பெட்டிக்காரரிடம் அட்டை சொல்லும்போது இதைச் சொல்லுங்கள்: 5 ப்ளை, வெளித்தாள் இரண்டு பக்கமும் கிராஃப்ட், மேலே எதுவும் அச்சடிக்காதது, மடிக்காமல் தட்டையாக வேண்டும். உடம்புத் துண்டுக்கு 58 சென்டிமீட்டர் பக்கம் நெளியோடு போக வேண்டும், ஆசனத் துண்டுக்கு நீளப் பக்கம் நெளியோடு போக வேண்டும். இதைத் தாளில் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், தாள் வீணாகாத பக்கமாகத் திருப்பி வெட்டிவிடுவார்கள், பெட்டித் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம். மழைக்காலம் தொடங்கும் முன் வாங்கி, சுவரை ஒட்டாமல் கட்டில் மேல் அடுக்கி வையுங்கள்.